பரு பார்த்த திசை

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நடுநடுவே சிரிக்கிறாள். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

கிருமாம்பாக்கத்தில் கரும்பு வைத்திருந்தவன் நான். முழங்கால் போன பிறகு நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, வில்லியனூர் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆன்லைன் பாடம் தயாரிக்கிற அறையில் டீ வாங்கி வருவது, சாயங்காலம் ஏசியை நிறுத்திக் கதவைப் பூட்டுவது. ஏசி என்றால் அப்படியொரு குளிர். சித்திரை வெயிலிலும் நான் துண்டைப் போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். அது கிடக்கட்டும்.

பேராசிரியர்கள் பேசுவதை வெட்டிச் சின்னச் சின்னப் பாடமாக்கி, படம் வைத்து, நடுவில் கேள்வி வைப்பது ஒரு பெண்ணின் வேலை. மாதா கோயில் தெருப் பெண். வருடா வருடம் கையெழுத்துப் போட்டு நீட்டிக்கிற வேலை. என்னைப் பெரியப்பா என்பாள். அவளுக்கு ஒரு பழக்கம். எந்தப் பாடத்தையும் வெளியே விடுவதற்கு முன் என்னை நாற்காலியில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டுவாள். என் கண் திரையை விட்டு எங்கே நகர்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. அந்த இடத்தை வெட்டிவிடுவாள். சரி, புரிந்தது என்று நான் சொன்ன பிறகுதான் ஒரு தாளில் கைநாட்டு வாங்குவாள். பாடத்தைப் பார்த்தவனின் சாட்சி அது; அந்தத் தாள் இல்லாமல் பாடம் வெளியே போகாது. பதினோரு பாடத்துக்கு வைத்தேன். ஒன்றுக்கும் பொய்யாக வைக்கவில்லை.

பன்னிரண்டாவது, கரும்புப் பாடம். பேராசிரியர் குரல் ஓடுகிறது. பொம்மைப் படத்தில் ஒரு கை, மண்ணில் கீறிய சாலில் கரணையை வைக்கிறது. கரணை என்றால் நடுவதற்கு வெட்டிய கரும்புத் துண்டு. அதில் முளை வருகிற பரு பக்கவாட்டில் இருக்க வேண்டும். படத்தில் அது மண்ணைப் பார்த்துக் கவிழ்ந்து கிடக்கிறது. அப்படிப் போட்டால் முளை மேலே வரத் தடுமாறும். ஒரு வருடம் நான் காய்ச்சலில் கிடந்தபோது கூலிக்கு வந்தவர்கள் கண்டபடி போட்டுவிட்டுப் போனார்கள். பல்லு போன வாய் மாதிரி சால் முழுக்க இடைவெளி.

சொன்னேன். அவள் பென்சிலை வைத்துவிட்டுப் பேராசிரியருக்குப் போன் செய்தாள். அவர் நேரிலேயே வந்துவிட்டார். மறுநாள் பாடங்களைப் பார்வையிடக் குழு வருகிறதாம். படத்தைத் திருத்தி வரையப் பத்து நாள் ஆகுமாம்.

"டீ குடுக்கற ஆளு என் பாடத்துல தப்பு சொல்றாரா?" என்று அவளைத்தான் கேட்டார். பிறகு மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். "வைங்க பெரியவரே. உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"பாத்தேன்னு தான சார் அந்தத் தாளு சொல்லுது. பாத்ததாலதான் வெக்கல."

கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டேன். நாளைக் காலை தாளில் ரேகை இல்லையென்றால் இவளுக்கு இங்கே வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கோபம் என்மேல் என்றால் என்னை அல்லவா அனுப்ப வேண்டும்?

அவர் போனதும், "வெச்சிடுங்களேன் பெரியப்பா" என்று அவளும் கேட்டாள். அவர் பேச்சைவிட அதுதான் சுட்டது.

"நீயாம்மா இத்த கேக்கற?"

தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு, தம்பி வயலில் வெட்டுகிற பதத்தில் கரும்பு இருக்கிறதா என்று கேட்டாள்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் மூன்று கரணையும் ஒரு பை மண்ணும் கொண்டுவந்தேன். "இன்னா பெருசு, வயலையே கட்டிக்கினு கெளம்பிட்ட?" என்றான் கண்டக்டர். பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன். மேசையில் பேப்பரை விரித்து மண்ணைக் கொட்டி, பரு பக்கவாட்டில் நிற்கும்படி கரணையை வைத்துக் காட்டினேன். அவள் செல்போனில் என் கையைப் படம் பிடித்து, பொம்மைக் கை இருந்த இடத்தில் வைத்தாள். யாரிடமும் கேட்கவில்லை. போட்டுக் காட்டினாள். என் கண் நகரவில்லை. கைநாட்டு வைத்தேன்.

குழு வந்தபோது டீத் தட்டோடு ஓரமாக நின்றேன். திரையில் என் கை வந்ததும், படம் நன்றாக இருக்கிறதே என்றார் ஒருவர்.

"எங்க ஃபீல்டு வொர்க் சார்" என்றார் பேராசிரியர், கூச்சமே இல்லாமல்.

என் நக இடுக்கில் அப்போதும் மண் இருந்தது. அந்தக் கையால்தான் அவருக்கு டீயை நீட்டினேன். முகத்தைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டார்.

அவள் வேலை போகவில்லை. பாடத்தில் கரணையும் சரியாகத்தான் கிடக்கிறது. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.