கிப்லாவைப் பார்த்துப் படுத்த வயிற்று நோ

நெஞ்சுக்குழிக்குக் கீழே, விலா எலும்புகள் சேரும் இடத்தில் அந்த நோ தொடங்கியபோது வீட்டில் நான் தனியாக இருந்தேன். போன நோன்பு மாதம் அது. மகளின் பிள்ளைப்பேற்றுக்காக மனைவி கட்டாருக்குப் போயிருந்தாள். எங்கள் ஊர் சாய்ந்தமருது ஆண்கள் எல்லோரும் தராவீஹ் என்ற நோன்பு இரவுத் தொழுகைக்குப் பள்ளிவாசலில். எங்கள் ஒழுங்கையில் மிச்சம் நானும் ஒரு பூனையும்தான். பூனைக்கு நோ எதுவும் இல்லை.

தனியாக நோன்பு திறக்கிறவனுக்குக் 'காணும், போதும்' என்று சொல்ல ஆளில்லை. கஞ்சி, அதன்மேல் உறைப்பான ரோல்ஸ், அதன்மேல் சமோசா, அதன்மேல் சாயம் கூடிய பிளேன்டீ. முழங்கால் நோவுக்கு நானாக வாங்கி விழுங்கிவந்த குளிசையும் சேர்ந்துகொண்டது.

எரிவு நெஞ்சுக்கு ஏறியது. வியர்த்தது. மாரடைப்பு என்று முடிவுகட்டிவிட்டேன். வைத்தியரும் நானே, நோயாளியும் நானே. மறுத்துக் கதைக்க யாருமில்லை. மனைவிக்கு அழைக்கத் தொலைபேசியை எடுத்தேன். அங்கே இரண்டு பேர் அழுவார்கள். இங்கே ஒருவரும் வரமுடியாது. வைத்துவிட்டேன்.

மௌத்தாகிறவன் எப்படிப் படுக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். பாயைத் திருப்பிப் போட்டு, வலப்பக்கம் சரிந்து, மக்கா இருக்கும் திசையான கிப்லாவை முன்னோக்கிப் படுத்தேன். நோ கூடியது. உயிர் பிரியும் வேதனை இதுதான் என்று நினைத்துக் கலிமாவை உரத்துச் சொன்னேன். நடுவே ஏப்பம் வந்தது. வெட்கப்பட்டு முதலிலிருந்து சொன்னேன்.

பகிடி அத்தோடு நின்றுவிட்டது. இங்கேயே நான் செத்தால் யாருக்கு, எப்போது தெரியவரும்? விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு என் வீட்டு விளக்கு எரியாததை யார் கவனிப்பார்கள்? ஊரைச் சிரிக்கவைக்கிறவன் நான். சிரித்து முடிந்ததும் எல்லோரும் தங்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அழுதேன்.

"யா அல்லாஹ், எடுப்பதென்றால் என்னை எடு. பக்கத்தில் ஒரு மனுசனை வைத்து எடு." வேறு துஆ வாயில் வரவில்லை.

கண்ணீர் காயுமுன் வேலிப் படலை திறக்கும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் போடாத கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். ரபீக். கடலுக்குப் போகிறவர், தொழுகை வரிசையில் என்றும் என் பக்கத்தில் நிற்பவர். ஸலாமுக்கு மேல் நாங்கள் கதைத்ததில்லை. தொழுகை முடிந்துவிட்டதா என்று கேட்டேன்.

"இல்ல காக்கா, பாதியில வந்துட்டன். உங்கட இடத்துல வேற ஆள் நிண்டார். பக்கத்துல வேற தோள் பட்டிச்சு. மனசு கேக்கல்ல."

"நான் மௌத்தாகுறன் தம்பி."

"ஓம் காக்கா. முதல்ல ஆசுபத்திரிக்குப் போவம். எழும்புங்க."

அவர் என்னை நிமிர்த்தி உட்காரவைத்ததுமே நோ பாதியாகக் குறைந்தது. பெரிய அவமானம். தொழுகையைப் பாதியில் விட்டு வந்த மனிதரை ஏமாற்றக்கூடாதே என்று ஓட்டோவில் வழி முழுக்க முனகிக்கொண்டு போனேன்.

ஈசிஜி எடுத்தார்கள், இரத்தம் சோதித்தார்கள். இருதயத்தில் குறையில்லை. குளிசையாலும் உறைப்பாலும் இரைப்பை புண்பட்டு, புளிப்பு மேலே ஏறுகிறது என்றார் டாக்டர் அம்மா. எந்தப் பக்கம் படுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். வலப்பக்கம் படுத்தால் புளிப்பு இன்னும் ஏறுமாம், இடப்பக்கம் படுக்கவேண்டுமாம். சாவதற்குப் படுத்த படுக்கைதான் என்னைச் சாகடிக்கப் பார்த்திருக்கிறது. ரபீக் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது.

வந்தது பிழை என்று டாக்டர் சொல்லவில்லை. பித்தப்பைக் கல்லும் கணைய வீக்கமும் இதே இடத்தில்தான் நோகுமாம். மாரடைப்பும் சிலருக்கு வயிற்று நோவாக வருமாம். வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவும் நோ, இரத்த வாந்தி, கறுப்பு மலம், எது இருந்தாலும் வீட்டில் வைத்தியம் பார்க்காமல் ஓடிவரச் சொன்னார்.

இப்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறேன். சாப்பிட்டதும் சாய்வதில்லை. கட்டிலின் தலைமாட்டை உயர்த்தியிருக்கிறேன். கேளாமல் குளிசை போடுவதில்லை. மிச்ச நோன்பையெல்லாம் ரபீக்குடைய வீட்டில் திறந்தேன். இரண்டாவது ரோல்ஸுக்குக் கை போனால் தட்டை இழுத்துக்கொள்வார். அல்ஹம்துலில்லாஹ். தட்டை இழுக்க ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய நிஃமத், எவ்வளவு பெரிய அருள் என்று அந்த வயிற்று நோதான் எனக்குக் காட்டித் தந்தது.

தனியாக இருக்கும் சகோதரர்களே, அல்லாஹ்விடம் கேளுங்கள். வெட்கப்படாமல், வருகிற வார்த்தையில் கேளுங்கள். கேட்டுவிட்டு, வருகிறவர் உள்ளே வரும்படி கதவின் தாழ்ப்பாளை மட்டும் நீக்கி வையுங்கள்.