மேல் அடுக்கு

குன்னத்தில் மக்காச்சோள மூட்டை ஏற்றுவது என் வேலை. லாரியில் மேல் அடுக்குக்கு மூட்டையைத் தூக்கிப் போட்டது பல வருஷமாக நான்தான். அதற்கு நல்ல தெம்பு வேண்டும்.

போன வருஷம் என் மனைவியின் தம்பியும் வேலைக்கு வந்தான். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத்தான் சாப்பாட்டில் கை வைப்பான். இரவு எட்டு மணிக்கு மேல் தண்ணீர் மட்டும். ஆறு மாதத்தில் தொப்பை போய்த் தோள் திரண்டுவிட்டது. மேஸ்திரி மேல் அடுக்குக்கு அவனைக் கூப்பிட ஆரம்பித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

யாரிடமும் சொல்லாமல் நானும் காலைப் பழைய சோற்றை நிறுத்தினேன். மத்தியானம் வழக்கம்போல ரசம் சோறு. கைலி தளர்ந்தது. சந்தோஷப்பட்டேன்.

அவன் வராத ஒரு நாள் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். மூட்டையை மேலே தள்ளும்போது கை நடுங்கியது. மூட்டை விழுந்து சோளம் கொட்டியது. மறுநாள் விஷயம் கேள்விப்பட்டு அவன் சிரித்தான்.

"என்ன மாமா, நீங்களும் பட்டினியா?"

"விரதம்டா."

"ரசத்தைக் குடிச்சுட்டு விரதம் இருந்தா இருக்கற சதையும் கரைஞ்சுரும். நான் மத்தியானம் நாலு முட்டையும் கடலையும் திங்கறத பாக்கலியா?"

பார்க்கவில்லை. அவன் சாப்பிடாமல் இருந்ததை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

அடுத்த நாள் சாப்பாட்டுத் தூக்கில் நாலு முட்டை இருந்தது. "தம்பி சொன்னான்" என்றாள் மனைவி. தின்றேன். இப்போது கை நடுங்குவதில்லை. மேல் அடுக்கு இன்னும் அவனிடம்தான். கீழே நின்று மூட்டை எடுத்துக் கொடுக்கிறேன். அவன் தோளைப் பார்ப்பதில்லை.