சார்ஜ் நிற்காத பிரஷர் மெஷின்

என் கணவரின் பிரஷர் மெஷினில் சார்ஜ் நிற்கவில்லை. கையில் பட்டையைச் சுற்றிப் பட்டனை அழுத்தினால் தானே காற்றேறி அளந்து சொல்லுமே, அந்த மெஷின். அவர் போய் ஐந்து மாதம் கழித்து, எனக்கும் பிரஷர் எட்டிப் பார்க்கிறது, தினம் அளந்து பாருங்கள் என்று டாக்டர் சொன்னதால்தான் அதை பீரோவிலிருந்து எடுத்தேன். சாயங்காலம் முழு சார்ஜ் ஏற்றி உள்ளே வைத்தால் மறுநாள் மத்தியானம் பொட்டென்று அணைந்துவிடும்.

புதிதாக ஒன்று வாங்கிக்கொள் என்று பெங்களூரிலிருந்து மகள் போனில் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பட்டை இன்னமும் அவர் கை அளவுக்குத்தான் சுருண்டிருந்தது. வயரை மாற்றினேன், அடாப்டரை மாற்றினேன், சமையலறைப் பிளக், ஹால் பிளக் என்று வீடு முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஒன்றும் எடுபடவில்லை.

அவர் இறந்தபோது நான் ஊரில் இல்லை. அக்கா பெண்ணின் கல்யாணத்துக்குச் சென்னை போயிருந்தேன். கிளம்பிய மூன்றாம் நாள் குளியலறையில் விழுந்தார், மூளையில் ரத்தக் கசிவு. "முன்னாடியே ஒண்ணும் தெரியலையா?" என்று வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். "நான் கிளம்பின அன்னிக்குக் கார்த்தால கூட நூத்தி முப்பது, எண்பதுன்னு சொன்னாரே" என்பேன். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஐந்து மாதம் ஓட்டினேன்.

எங்கள் பிறந்த வீட்டில், வெளியூர் கிளம்புகிறவர் காதில் நல்ல வார்த்தைதான் விழ வேண்டும். எங்கே என்று கேட்கக்கூடாது, நோய்நொடி பேசக்கூடாது. ஒருமுறை நான் செருப்பு மாட்டும்போது இவர் யாருடைய ஆபரேஷனையோ பற்றி ஆரம்பித்தார். "கிளம்பற நேரத்துல அச்சானியமா பேசாதேங்கோ" என்று கத்திவிட்டு, உள்ளே வந்து தண்ணீர் குடித்து, ஐந்து நிமிஷம் உட்கார்ந்த பிறகுதான் போனேன். "உங்காத்து அரசியல் சாசனம்" என்று எங்கள் பேட்டையான லேக் கார்டன்ஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

ஒருநாள் மெஷினை பீரோவில் வைக்க மறந்து சாப்பாட்டு மேஜையிலேயே விட்டுவிட்டேன். விடியற்காலை ஹாலிலிருந்து கீச், கீச் என்று சத்தம். கண்ணைத் திறந்தால் ஐந்து பத்து. அவர் எழுந்து பிரஷர் பார்க்கும் நேரம். நான் பேய் பிசாசை நம்புகிற ரகம் இல்லை. ஆனால் எழுந்து போக முடியவில்லை. மேஜை முன் அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது. உட்கார்ந்திருக்கக் கூடாதா என்றும் தோன்றியது.

அன்றே கரியாஹாட்டில் ரிப்பேர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் பிரித்துப் பார்த்தார். பேட்டரியில் கோளாறு இல்லை, யாரோ அலாரம் வைத்திருக்கிறார்கள், பட்டனை அழுத்தி நிறுத்தும்வரை விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருக்கும், அதுதான் சார்ஜைத் தின்கிறது என்றார் வங்காள மொழியில். பீரோவுக்குள் துண்டுகளுக்கு அடியில் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. "எல்லாத்தையும் அழிச்சு ரீசெட் பண்ணிடட்டுமா, மாஷிமா? பழைய அளவெல்லாம் உள்ளே தேதி போட்டு இருக்கு. அதுவும் போயிடும்." கடைக்காரர் கையிலிருந்து கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

பழைய அளவுகள் உள்ளே இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பார்க்காவிட்டால் என் வாக்கியம் என்னிடம் பத்திரமாக இருக்கும். இரண்டு நாள் மெஷினைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலை, காபி கூடக் குடிக்காமல், பட்டனை அழுத்தி அழுத்திப் பின்னால் போனேன்.

நான் கிளம்பிய தேதியில் மூன்று அளவுகள். ஐந்து பத்துக்கு நூற்று எண்பத்தாறு. ஐந்து பதினெட்டுக்கு நூற்றுத் தொண்ணூற்று நான்கு. ஐந்து இருபத்தைந்துக்கு நூற்றுத் தொண்ணூறு. நூற்று முப்பது எங்கேயும் இல்லை.

அன்று புளியோதரை கட்டிக்கொண்டிருந்தபோது அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். "இன்னிக்கு எவ்வளவு?" என்று வழக்கம்போல் கேட்டேன். "நூத்தி முப்பது, எண்பது. நன்னா இருக்கேன்" என்றார். முகம் சிவந்திருந்தது. பார்த்தேன். பார்த்தும் இன்னொரு முறை கேட்கவில்லை. கிளம்புகிற நேரத்தில் வேறு பதில் காதில் விழுந்துவிடுமோ என்று பயம்.

மெஷினில் எதையும் நான் அழிக்கவில்லை. தினமும் ஐந்து பத்துக்கு எழுந்து பட்டனை அழுத்திவிடுகிறேன். சார்ஜ் இப்போது ஒரு வாரம் நிற்கிறது.

அந்த நூற்றுத் தொண்ணூறோடுதான் அன்று அவர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் மேம்பாலப் படி ஏறினார். நடுவில் நின்று மூச்சு வாங்கினார். "கூலி வெச்சுக்கலாமே, என்ன பிடிவாதம்?" என்றேன். "கிளம்பற நேரத்துல என்ன வாக்குவாதம்? பேசாம வா" என்றார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக எங்காத்துச் சட்டத்தை மதித்துவிட்டார் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். சிரித்துக்கொண்டே அவர் பின்னால் ஏறினேன்.