செருப்போடு பிறந்த கால்

மற்றவர்களுக்காக வரிசையில் நிற்பதுதான் என் தொழில். மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழிற்பயிற்சி, உபகரணம், வேலை என்று அரசாங்கத்திடம் கிடைப்பதை வாங்கிக்கொடுக்க உதவும் ஒரு சின்ன மையத்தில் இருக்கிறேன். காஞ்சிபுரத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் ஓர் அறை. லிஃப்ட் கிடையாது. இப்படிப்பட்ட மையத்தை மாடியில் வைக்கலாம் என்று யாருக்குத் தோன்றியது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எனக்கே இடது காலில் போலியோ. இரும்புக் கம்பியும் கறுப்பு பூட்ஸும் ஒன்றாகச் சேர்ந்த காலிபர் மாட்டித்தான் நடக்கிறேன். பூட்ஸை மட்டும் கழற்ற முடியாது, கழற்றினால் காலிபரே கையோடு வந்துவிடும். எந்த அறைக்குப் போனாலும் "பக்கத்து ரூம்ல கேளுங்க" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பிய அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், நீங்கள் எனக்கு உறவுக்காரர். மேலே படியுங்கள்.

தெரிந்த தொழிலுக்குப் பயிற்சி இல்லை

ஓரிக்கையிலிருந்து சரளா வந்தாள். பட்டுத்தறி நெய்கிறவள். லாரி மோதி வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. குழித்தறியில், குழிக்குள் இரண்டு காலையும் தொங்கவிட்டு இரண்டு மிதிகட்டைகளையும் மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். ஒற்றைக் காலால் மிதித்துப் பார்த்திருக்கிறாள். இடுப்பு பிடித்துக்கொண்டது, சேலையிலும் கோடு கோடாக விழுந்தது. தறி அவளுடையது இல்லை, முதலாளியுடையது. ஆவணி வரை பார்ப்பேன், அதற்குள் உட்காராவிட்டால் தறியைக் கழற்றி வேறு வீட்டில் மாட்டிவிடுவேன் என்று அவர் சொல்லிவிட்டார். அப்போது ஆனி பிறந்திருந்தது.

அவளைப் பயிற்சி அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த அம்மா நல்லவர். தையல் இருக்கிறது, செல்போன் பழுதுபார்ப்பது இருக்கிறது, மெழுகுவத்தி இருக்கிறது, எது வேண்டும் என்று கேட்டார். நெசவு என்றேன். நெசவு தெரியாதா என்று சரளாவிடம் கேட்டார். நன்றாகத் தெரியும் என்றாள். தெரிந்த தொழிலுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது என்று அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கடைசியில் அவர் தையலுக்கே எழுதிக்கொள்ளலாம், மெஷினும் கிடைக்கும் என்று பேனாவை எடுத்தார். காலால் மிதிக்கிற மெஷின்தான். சரளா பேனாவின் மேல் கையை வைத்துத் தடுத்தாள்.

"எனக்குத் தொழில் போவலம்மா. கால்தான் போச்சு."

வாசலில் நின்ற கால்

சரி, செயற்கைக் காலையே கேட்போம் என்று இறங்கினேன். கால் கொடுக்கும் பிரிவுக்கு எத்தனை முறை நடந்தேன் என்று கேட்காதீர்கள், எண்ணினால் எனக்கே அழுகை வரும். ஆடி நடுவில் செயற்கைக் கால் வந்தது. பளபளவென்று, பாதத்தில் ஷூ மாட்டியே வந்தது. சரளா அதை மாட்டிக்கொண்டு அலுவலக வராந்தாவில் நடந்தாள். கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். சாதித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

வீட்டுக்குப் போனால் தறியிருக்கும் அறை வாசலில் மாமியார் மறித்துக்கொண்டு நின்றார். காலில் செருப்போடு யாரும் தறிக்குழியில் இறங்குவதில்லை. அது அந்த வீட்டின் கண்டிப்பு மட்டுமில்லை, இந்த ஊரில் எந்தத் தறிவீட்டிலும் அப்படித்தான். ஷூவைக் கழற்றிப் பார்த்தோம். அந்தப் பாதம் ஷூவின் குதிகால் உயரத்துக்கென்று செய்தது. வெறுமனே நின்றால் சரளா பின்பக்கமாகச் சாய்ந்தாள். மாமியார் பிடித்துக் குழியில் இறக்கி உட்காரவைத்தால் பாதத்தின் முனை மேலே தூக்கிக்கொண்டு மிதிகட்டையில் வழுக்கியது. திரும்ப ஷூவை மாட்டினால் மிதி சரியாக விழும், ஆனால் மாமியார் விடமாட்டார். அவர் கெட்டவர் இல்லை. மருமகள் நெய்ய வேண்டும் என்று எங்களைவிட அவருக்குத்தான் அதிக ஆசை. நிஜமாகவே குழம்பிப்போய் என்னைக் கேட்டார்.

"இது காலா செருப்பான்னு நீயே சொல்லுபா. காலுன்னா உள்ள வரட்டும், செருப்புன்னா வாசல்ல இருக்கட்டும்."

டோக்கன் கிடைக்கவில்லை

மனசு சரியில்லை, கோயிலுக்குப் போய்விட்டு வரலாம் சார் என்றாள் சரளா. போனோம். எனக்குக் கோயில் என்றால் வாசலில் செருப்பை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கும் கடையின் பெஞ்சுதான். சின்ன வயதிலிருந்தே வீட்டார் உள்ளே போய்வரும்வரை அங்கேதான் உட்காருவேன். காலிபரைக் கழற்றினால் கையை ஊன்றித் தவழ வேண்டும். என் வீட்டுக்குள் தவழ்வேன், அத்தனை கூட்டத்தில் தவழ எனக்குக் கூச்சம். கடைக்காரர் எனக்குப் பழக்கமாகிவிட்டார்.

சரளா இடது செருப்பை நீட்டினாள். வலது பக்கத்தை அவர் குனிந்து பார்த்தார். ஷூ தனியாக வருமா என்று கேட்டார். வந்தால் நடக்க வராது என்றேன். அப்படியென்றால் காலோடு கொடுக்கட்டும் என்றார். கொடுத்தால் எப்படி உள்ளே போவது என்று சரளா கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். பின்னால் ஜனங்கள் செருப்பும் கையுமாக நெருக்கினார்கள். சரளா வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. பாவம், கடைக்காரர் எங்களைச் சமாதானப்படுத்தப் பார்த்தார்.

"ஒத்தச் செருப்புக்கு டோக்கன் குடுத்துடலாம்மா. காலுக்குக் குடுத்தா, வேற யாராவது மாத்தி எடுத்துக்கினு பூட்டாங்கன்னா நான் எங்க போய் தேடுவேன்?"

மறுவாழ்வு முடிந்துவிட்டது

கால் தந்த அலுவலகத்துக்கே திரும்பப் போனேன். அவர்கள் கணக்கில் சரளாவுக்கு மறுவாழ்வு முடிந்துவிட்டிருந்தது. கால் கொடுத்தாயிற்று, நடந்தாயிற்று, போட்டோவும் இருக்கிறது. கால் சரியில்லையா என்று கேட்டார்கள். சரியாகத்தான் இருக்கிறது என்றேன். பிறகு என்ன குறை என்றார்கள். தறியில் இறங்க முடியவில்லை என்றேன். அது பயிற்சிப் பிரிவு, பக்கத்து அறை என்றார்கள். பக்கத்து அறையில் அதே அம்மா, அதே தையல் மெஷின்.

மையத்துக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். ஆடி முடியப் போகிறது. முதலாளி தறியை ஒருமுறை வந்து அளந்து பார்த்துவிட்டுப் போயும்விட்டார் என்று சரளா போனில் சொல்லியிருந்தாள். அவளுடைய குரல் இறங்கிப்போயிருந்தது. என்னோடு வேலை செய்யும் நூர்ஜஹான் அக்கா எல்லாவற்றையும் கேட்டபடி டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். நாம் என்ன சொல்லிக் கால் கேட்டோம் என்றார். நடக்க முடியவில்லை, கால் வேண்டும் என்றுதான் கேட்டோம் என்றேன். அக்கா டப்பாவைக் கவிழ்த்துவைத்தார்.

"நடக்கறதுக்குன்னு கேட்டோம், நடக்கறதுக்குக் குடுத்துட்டாங்க. அந்தப் பொண்ணு ஒக்கார்றதுக்குல்ல தம்பி கேட்டுச்சு?"

டவுன் பஸ்ஸில் வந்த மிதிகட்டை

இந்த முறை அலுவலகத்தை விட்டுவிட்டுக் கால் செய்கிற பட்டறைக்கே போனோம். சரளா தறியிலிருந்து மிதிகட்டையை அவிழ்த்துத் துண்டில் சுற்றி டவுன் பஸ்ஸில் எடுத்து வந்திருந்தாள். பட்டறைக்காரர் அவளை மேஜை விளிம்பில் உட்காரவைத்து, கட்டையைக் கீழே வைத்து மிதித்துக் காட்டச் சொன்னார். இரண்டு மிதி பார்த்ததும் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு ரப்பர் பாதத்தை எடுத்து வந்தார். விரல்கள் வைத்தது. வெறுங்காலோடு நிற்கலாம், வளையும், சேற்றிலும் இறங்கலாம். நாற்று நடுகிறவர்களுக்கு இதைத்தான் போடுவாராம்.

இத்தனை நாளும் இது இந்த அலமாரியிலேயே இருந்ததா, ஏன் யாருமே சொல்லவில்லை என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வி புரியவில்லை.

"எதுக்குக் காலுன்னு யாரும் சொல்லலியே சார். ஷூ போட்டா டீசன்டா இருக்கும்னுதான் எல்லாரும் கேக்கறாங்க."

வாசலில் நின்ற இன்னொரு கால்

ஆவணியில் அந்தக் கால் பொருத்தியாயிற்று. சரளா கூப்பிட்டாள் என்று ஓரிக்கைக்குப் போனேன். மாமியார் ரப்பர் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரல்களைத் தடவினார். பிறகு மஞ்சளைக் குழைத்து வந்து இரண்டு பாதங்களிலும் பூசினார். ரப்பரில் மஞ்சள் ஒட்டவில்லை. விடாமல் இன்னொரு முறை பூசினார். சரளா குழியில் இறங்கி உட்கார்ந்தாள். முதலில் தடுமாறித் தடுமாறி விழுந்த சத்தம், கொஞ்ச நேரத்தில் சீராகிவிட்டது. முதலாளி வந்து சத்தத்தைக் கேட்டுவிட்டு, தறி இங்கேயே இருக்கட்டும், புதுப் பாவு நூல் அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனார்.

இதையெல்லாம் நான் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். பூட்ஸோடு உள்ளே போக முடியாதே. உள்ளே வரச் சொல்லி மாமியார் கூப்பிட்டார், இங்கேயே காற்று வருகிறது என்றேன். தறிச் சத்தம் நின்றது. சரளா குழியில் இருந்தபடியே தலையைத் திருப்பி என் பூட்ஸைப் பார்த்தாள்.

"எனக்காக இவ்ளோ அலைஞ்சீங்களே சார், உங்களுக்கு ஏன் நீங்க கேக்கல?"

வெறுங்காலுக்கும் பொருந்துகிற பிளாஸ்டிக் காலிபர் உண்டாமே என்று இப்போது அதே பட்டறையின் பெஞ்சில் எனக்காக நானே வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன், எதற்கு என்று கேட்டால் கோயிலுக்கு என்பதா, சரளா வீட்டுக்கு என்பதா என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.