ரசியா வீட்டு மஞ்சள் பலகை

வெளிநாட்டு சோப்பு, சென்ட், பாச்சை உருண்டை... மூன்றும் கலந்த ஒரு வாசனை. எண்பதுகளின் நடுவில் லப்பைக்குடிக்காட்டில் எந்த வீட்டில் அந்த வாசனை வந்தாலும் தெருவுக்கே தெரிந்துவிடும், அங்கே பெட்டி பிரிக்கிறார்கள் என்று.

சவூதியிலிருந்து ஆள் வந்தால் அன்றே பெட்டியைத் திறக்க மாட்டார்கள். சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்த பிறகுதான் கயிற்றை அறுப்பார்கள். பிறகு முறைப்படி ஒவ்வொருவருக்கும் ஒன்று.

ரசியா என்னோடு ஆறாம் வகுப்பு. அவள் அத்தா, அதாவது அப்பா, சவூதியில் ஒரு வீட்டில் டிரைவர். அந்தத் தடவை எனக்கு ஒரு பேனா கொடுத்தார். சந்தோஷமாகத்தான் வாங்கினேன்... பெட்டியின் அடியிலிருந்து அந்த மஞ்சள் பலகை வெளியே வரும் வரை.

கை நீளத்துக்கு பிளாஸ்டிக் பலகை. அடியில் நாலு குட்டிச் சக்கரம்.

"இது எதுக்குங்க?" என்று ரசியாவின் அம்மா கேட்டார்.

"தெரியலம்மா. மொதலாளி வூட்ல கழிச்சுப் போட்டாங்க. சக்கரம் நல்லாருந்துச்சு, எடுத்துட்டு வந்தேன்."

கொண்டு வந்தவருக்கே தெரியாத பொருளை ரசியா இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். அது ஏறி நின்று ஓட்டுவதற்கு!

எங்கள் தெரு மண் ரோடு, சக்கரம் நகராது. ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் ரைஸ் மில்லுக்கும் வெள்ளிக்கிழமை லீவு. நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் காலியாகக் கிடக்கும். மத்தியானம் அங்கே போய்விடுவோம். அவளுக்கு ஒரு ரவுண்டு, எனக்கு ஒரு ரவுண்டு. கேட்காமலேயே கொடுப்பாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

ஒரு மாதத்தில் அவள் நின்றுகொண்டே ஓட்டினாள். வளைத்துத் திருப்பினாள். நான்? உட்கார்ந்து தள்ளிக்கொண்டு போவேன். நின்றால் விழுவேன். முழங்காலில் புண் ஆறுவதற்குள் அடுத்த வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

ஒரு நாள் அவள் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு களத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை போனாள். தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வயிறு பற்றி எரிந்தது.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். ரசியா கடைக்குப் போயிருந்தாள். அவள் அம்மா மட்டும் இருந்தார். ரசியாவின் அத்தா அதற்குள் சவூதிக்குத் திரும்பிவிட்டார். கடிதம் போட்டுக் கேட்டாலும் பதில் வர மாதக்கணக்கில் ஆகும் என்பது போஸ்ட் ஆபீஸ்காரர் மகளான எனக்கு நன்றாகத் தெரியும்.

"அத்த, அது வெளாட்டு சாமான் இல்ல. மூட்ட தள்ற பலகை. பெரம்பலூர்ல பெரிய கடையில அதுலதான் மூட்டய வச்சு தள்றாங்க. எங்கப்பா காட்டுனாரு."

"அதான பாத்தேன்! இவ்ளோ கெட்டியா வெளாடறதுக்கா செய்வான்? நல்ல வேள சொன்ன கண்ணு."

மறுநாள் கூடத்து மூலையில் அரிசி மூட்டை நின்றது. அடியில் மஞ்சளாக ஓர் ஓரம் மட்டும் தெரிந்தது. ரசியா மூட்டையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் அழுகை வந்தது... இனி எனக்கும் ரவுண்டு கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வருஷம் அப்பாவுக்கு அரியலூருக்கு மாற்றல். அதோடு அந்த ஊர் விட்டுப்போனது.

நாற்பத்தெட்டு வயதில் கோயம்புத்தூரில் ஒரு பழைய சாமான் கடையில் மறுபடி ஒரு ஸ்கேட்போர்டைப் பார்த்தேன். அன்று ஆரம்பித்த கிறுக்கு. இப்போது என் வீட்டில் பத்தொன்பது பலகைகள், எல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு. தினமும் காலையில் ஹெல்மெட், முழங்கால் கட்டு சகிதம் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் இறங்கிவிடுவேன். வாட்ச்மேன் மட்டும் கொஞ்ச தூரம் தள்ளியே நிற்பார்.

போன மாதம் அதே மாதிரி ஒரு மஞ்சள் பலகையை மும்பையிலிருந்து வாங்கினேன். படம் எடுத்து ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். ஐந்தே நிமிஷத்தில் ரசியா போன் செய்தாள். இத்தனை வருஷமாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"ரசியா, அன்னிக்கு உங்கம்மாகிட்ட பொய் சொன்னது நாந்தான்டி."

"தெரியுமே. அம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்க."

"அப்பறம் ஏன்டி என்னய திட்டல?"

"எதுக்குத் திட்டணும்? நீ சொன்னதாலதான் அது வூட்டுக்குள்ளயே இருந்துச்சு. மத்தியானம் அம்மா கண்ணசந்துட்டா மூட்டய எறக்கிட்டு கூடத்துல ஓட்டுவேன். புதுசா மொசைக் போட்ட தரை... வழவழன்னு என்னமா ஓடும் தெரியுமா! பதினெட்டு வயசுல கல்யாணம் ஆவுற வரைக்கும் ஓட்டுனேன்."

மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஏழு வருஷம்!

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேடி. நான் அந்த ஊர்ல இருந்த வரைக்குமாவது கூப்புட்டிருக்கலாம்ல?"

"கூப்புடலாம்னுதான் தெனமும் நெனப்பேன். கூப்புட்டா பாதி நேரம் ஒனக்குக் குடுக்கணுமே!"

சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

அன்று பலகை ஒன்று, ஆள் இரண்டு. இன்று பலகை பத்தொன்பது, ஓட்டுவது நான் ஒருத்திதான். ரவுண்டு கேட்க யாரும் இல்லை, கைதட்டவும் யாரும் இல்லை. அப்படியும் அந்த மொசைக் கூடத்தை நினைத்தால் இந்த வயதிலும் வயிறு எரிகிறது.

அடுத்த வாரம் ரசியா என் வீட்டுக்கு வருகிறாள். ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். பதினெட்டுப் பலகையையும் துடைத்து ஹாலில் வரிசையாக வைத்திருக்கிறேன்.

மஞ்சளை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.