மல்யுத்தக் கம்பெனியும் பிச்சம்மாவும்

எட்டு வயதில் எனக்குப் பெயரை மாற்றினார்கள். அதற்கு என்னைச் சம்மதிக்க வைத்தது அமெரிக்காவில் இருந்த ஒரு மல்யுத்தக் கம்பெனி.

அந்த வருடம் முழுக்க எனக்கு மூச்சிரைப்பு. பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் என்னைத் தவிட்டுக்கு விற்றுப் பெயரை மாற்றுவது என்று முடிவாயிற்று. திடமான பிள்ளைகள் இருக்கும் வீட்டாரிடம் பிள்ளையைக் கொடுத்து, பதிலுக்குத் தவிடு வாங்கி, அவர்கள் பிள்ளையாகவே திரும்ப வாங்கி வளர்க்க வேண்டும். சுகந்தி இனி பிச்சம்மா; பழைய பெயரை வாய்தவறிச் சொன்னாலும் பரிகாரம் பலிக்காதாம். அதற்கு மூச்சிரைப்பே தேவலை என்று நான் தரையில் புரண்டேன்.

சித்தப்பாவுக்குக் கிள்ளான் துறைமுகத்தில் வேலை. சனிக்கிழமைதோறும் மல்யுத்த வீடியோ கேசட்டோடு வருவார். நானும் அவரும் சேர்ந்து பார்ப்போம். அவர்தான் என்னை வழிக்குக் கொண்டுவந்தார்.

"இந்தக் கம்பெனிக்கே எத்தன பேரு தெரியுமா? மொதல்ல ஒண்ணு. மத்த கம்பெனிங்களோட முறைச்சிக்கிட்டுப் பிரிஞ்சதும் வேற ஒண்ணு. அது நீளமா இருக்குன்னு ஒரு வார்த்தைய வெட்டிட்டாங்க. அப்புறம் அப்பாகிட்டேருந்து மகனே வெல குடுத்து வாங்கிட்டான். ரிங்கு மாறிச்சா? இல்லலா! முன்ன அவங்க ஊரோட சரி, இப்ப கிள்ளான் வரைக்கும் வந்துருச்சு."

"வித்த பெறகு அப்பா?"

"அவருக்கு என்ன, வீட்டுல உக்காந்திருப்பாரு. வாங்குனவன்தான் முதலாளி."

சொன்னவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து ஆன்டி முறத்தில் தவிட்டோடு வந்தார். கோழித்தீவனம் விற்கும் சீனர் கடையில் வாங்கியது. அவருக்குத் தடித்தடியாய் நாலு பையன்கள். அம்மா என்னை அவர் மடியில் வைத்தாள், தவிட்டை வாங்கினாள், என்னையும் திரும்ப வாங்கிக்கொண்டாள். எல்லோரும் தேத்தண்ணீர் குடித்தார்கள். வியாபாரம் தெரிந்த நானோ பள்ளிப்பையில் இரண்டு கவுனைத் திணித்துக்கொண்டு ஆன்டி வீட்டுக்குக் குடிபோனேன்.

"ஓம் பிள்ளை, நீ இப்ப எங்கட பிள்ளைதான்" என்று சிரித்து இடியப்பமும் சொதியும் வைத்தார்.

சாயங்காலம் அம்மா வேலியோரம் வந்து நின்றாள். "பிச்சம்மா, வீட்டுக்கு வா."

"ஆன்டியக் கேளும்மா. அவங்கதான் முதலாளி."

பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. தூறல் ஆரம்பித்தும் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எனக்கு வீம்பு ஏறியது.

"சுகந்தின்னு ஒரே ஒரு வாட்டி கூப்புடு. ஓடியாந்துர்றேன்."

அம்மாவின் வாய் திறந்தது. சட்டென்று முந்தானையால் பொத்திக்கொண்டாள். பிறகு நனைந்தபடியே உள்ளே வந்து ஆன்டியிடம் கைகூப்பினாள். "உங்க பிள்ளைய எங்கிட்ட குடுங்கக்கா. நான் வளத்துத் தரேன்."

ஆன்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைத் தூக்கிக் கொடுத்தார். அம்மா இறுக்கிப் பிடித்ததில் இருந்த கொஞ்சம் மூச்சும் முட்டியது. நாம் கேட்டால் ஒரு பெயரைக்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறாளே, நம் மேல் பிரியமே இல்லை போலிருக்கிறது என்று அவள் தோளில் கிடந்து தேம்பித் தேம்பி அழுதேன்.