வெள்ளைத் தொட்டி எங்கே?

நிறங்களின் பெயர்களை நான் படித்தது புடவைக் கடைகளில். வெங்காயச் சருகு, மயில்கழுத்து, கிளிப்பச்சை, அரக்கு, இளஞ்சந்தனம். பிற்பாடு திருவனந்தபுரத்தில் இணையவழிப் பாடங்கள் வடிவமைக்கும் வேலையில் சேர்ந்தபோது, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டென்று சொல்லித் தந்தார்கள். எண் எனக்கு மறந்துபோகும், வெங்காயச் சருகு மறக்காது. இப்போது பூதப்பாண்டியில் வீட்டிலிருந்தே அதே வேலையைச் சொந்தமாகச் செய்கிறேன். இன்றைக்கும் என் கணினியில் வண்ணத் தொகுப்புகள் புடவைப் பெயரில்தான் கிடக்கின்றன.

என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு விளக்குவது பெரும்பாடு. ஒரு பாடத்தைத் திரைக்குக் கொண்டுவர வேண்டும், படிப்பவர் சும்மா பார்த்துக் கொட்டாவி விடாமல் தொடவும் இழுக்கவும் தேர்ந்தெடுக்கவும் வைக்க வேண்டும் என்பேன். பக்கத்து வீட்டுக்காரி இதைச் சுருக்கி, “கம்ப்யூட்டர்ல கோலம் போடுகா” என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறாள். முதலில் கோபம் வந்தது. நடந்ததை எல்லாம் யோசித்தால் அவள் ரொம்பத் தப்பாகச் சொல்லவில்லை.

நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்காகப் பாடம் செய்யும் வேலை வந்தது. நர்சுகள் முதல் துப்புரவுப் பணியாளர்கள் வரை வார்டில் நிற்கும் எல்லாரும் மருத்துவக் கழிவைப் பிரித்துப் போடப் படித்து, தேர்வில் தேற வேண்டும். விஷயம் சின்னதுதான். இரத்தம் பட்ட பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் தொட்டியில். குளுக்கோஸ் குழாய், கையுறை எல்லாம் சிவப்பில். கண்ணாடி மருந்துக்குப்பிகள் நீலத்தில். ஊசியும் பிளேடும் வெள்ளையில். அந்த வெள்ளை மட்டும் பை போடாத, ஊசி குத்தினாலும் துளை விழாத டப்பா.

நாலு தொட்டிகளையும் அப்படியே திரையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். கண் கூசியது. தேர்தல் நேரத்துச் சுவர் மாதிரி இருந்தது. ஒரு திரையில் சத்தம் போடும் நிறம் ஒன்றுதான் இருக்க வேண்டும், மற்றவை அதற்கு வழிவிட வேண்டும் என்பது என் கொள்கை. அந்தக் கொள்கையில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. எனவே சிவப்பை வெங்காயச் சருகாக இறக்கினேன். நீலத்தை மயில்கழுத்தாக்கினேன். மஞ்சளை வெளுக்க வைத்து வெண்ணெய் நிறத்துக்குக் கொண்டுவந்தேன். வெள்ளைத் திரையில் வெள்ளைத் தொட்டி தெரியவே இல்லை, ஆகவே அதற்கு இளஞ்சந்தனம் கொடுத்தேன். தொட்டிகளில் பெயர் எழுதவில்லை. எழுதினால் யாரும் நிறத்தைக் கவனிக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

தேர்வை விளையாட்டாக அமைத்தேன். பத்துப் பொருள்கள் ஒவ்வொன்றாக வரும், விரலால் இழுத்துச் சரியான தொட்டியில் விட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இருபது வினாடி. சரியாகப் போட்டால் மணி அடிக்கும், தப்பாகப் போட்டால் தொட்டி தலையாட்டும், இன்னொரு தடவை முயலலாம். ஊசிக்கு மட்டும் இரண்டாம் வாய்ப்பு கிடையாது. அதைத் தவறவிட்டால் மொத்தத் தேர்வும் தோல்வி. அது ஆஸ்பத்திரி போட்ட நிபந்தனை, நியாயமான நிபந்தனை. ஆளுக்கு மூன்று முறை எழுதலாம். தேறியவர்களுக்குத் திரை முழுக்க வண்ணக் காகிதத் துணுக்குகள் உதிரும். அந்தத் துணுக்குகள் காற்றில் சுழன்று விழும்படி செய்ய எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. முடித்ததும் நானே பத்துப் பதினைந்து முறை போட்டுப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியின் நிர்வாக அலுவலருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. “பட்டுப்புடவை மாதிரில்லா இருக்கு” என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு எதுவும் கிடைத்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை அவர் போன் செய்தார். இருபத்தெட்டுப் பேர் எழுதியதில் இருபத்தேழு பேர் பாஸ். ஒரே ஒரு துப்புரவுப் பணியாளர் மூன்று முறையும் பெயில். அவர் ஒப்பந்த ஆள். வெள்ளிக்கிழமைக்குள் தேறாதவரை வார்டில் நிறுத்த முடியாது, வெளியே வேறு வேலையும் இல்லை. “டேப்லட்ல ஏதும் கோளாறான்னு வந்து பாத்துட்டா, எனக்கும் மனசு கேக்கும்” என்றார்.

“கோர்ஸ்ல ஒரு கோளாறும் இல்ல சார். இருபத்தேழு பேரு பாஸ் ஆகியிருக்காங்களே” என்றேன். யோசிக்கவே இல்லை, பட்டென்று சொன்னேன்.

புதன்கிழமை மதியம் போனேன். ஊழியர்கள் சாப்பிடும் அறையில் மேசை மேல் இருந்த டேப்லட்டில், கணக்கில் சேராதபடி தேர்வை ஒருமுறை திறந்து வைத்தேன். அந்த அக்கா வந்தார். அக்கா என்பது மரியாதைக்கு. என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூட இருக்கலாம். கையைச் சேலையில் ஒருமுறை துடைத்தார், உட்காரும் முன் இன்னொருமுறை துடைத்தார். பிளீச்சிங் பவுடரில் ஊறி ஊறி விரல் நுனிகள் வெளுத்து வழவழப்பாக இருந்தன. அந்த விரலைத் திரை சரியாக உணரவில்லை. பாதி வழியில் பொருள் நழுவி நழுவி விழுந்தது. திரும்பத் திரும்ப எடுத்தார்.

“எனக்குப் படிப்பு கம்மிதான் மேடம். ஆனா தமிழு வாசிப்பேன்” என்று அவராகவே சொன்னார்.

பஞ்சைப் போட்டார். மணி அடித்தது. குழாயைப் போட்டார். மணி அடித்தது. மூன்றாவதாக ஊசி வந்தது. அவர் கை நின்றது. மேலே வினாடிகள் குறைந்துகொண்டிருந்தன. அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நேரம் முடிந்தது என்று திரை சொன்னது.

“ஏன்க்கா நிறுத்திட்டீங்க? ஏதாவது ஒண்ணுல விட வேண்டியதுதானே?”

“வெள்ளைத் தொட்டி எங்க மேடம்?”

காட்டினேன். அவர் குனிந்து, திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குப் பார்த்தார்.

“இது மஞ்சள்லா.”

“இல்லக்கா, இது சந்தனம். மஞ்சள் இந்தா இருக்கு.”

“ரெண்டும் மஞ்சள்தான் மேடம்” என்றார். குரலில் கோபம் இல்லை. இரண்டு தொட்டிகளையும் நான் மறுபடி பார்த்தேன். இரண்டும் மஞ்சளாகத்தான் இருந்தன. அந்த நிமிஷம் வரை எனக்கு அது தெரியவில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் அதுதான் உண்மை.

“அப்ப மத்தவங்க எப்படிப் போட்டாங்க?”

அவர் கொஞ்சம் தயங்கினார். “காட்டிக்கொடுக்கப்பிடாது. ஆனா நீங்க கேக்கிய. மொத ஆளுவ ரெண்டு தடவ தோத்து, எதெது எந்த மூலையின்னு கண்டுபிடிச்சாளுவ. பெறவு எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தாச்சு. ஒண்ணாமத்தது இடது ஓரம், ரெண்டாமத்தது அதுக்கடுத்தது, மூணாமத்தது வலது ஓரம். சாப்பிடும்ப பாட்டு மாதிரி சொல்லுவாளுவ. எனக்கும் சொல்லித் தந்தாளுவ. பஞ்சும் குழாயும் அப்பிடித்தான் போட்டேன். ஊசிக்கு மட்டும் கை வரமாட்டேங்கு.”

பொருள்கள் ஒவ்வொரு தடவையும் வரிசை மாறி வர வேண்டும். அதற்கு ஒரே ஒரு கட்டத்தில் டிக் போட்டால் போதும். காகிதத் துணுக்குக்கு ஒரு முழு நாள் கொடுத்தவள் அந்த டிக்கை மறந்துபோனேன்.

“படம்தானே அக்கா. படத்துல எங்க விட்டா என்ன?”

“படம்தான் மேடம். ஆனா கை பழகிரும்லா.”

பிறகு இடது கையின் ஆள்காட்டி விரலை நீட்டினார். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. நாலு வருஷம் முன்னால், நிரம்பிய மஞ்சள் பையின் வாயைக் கட்டும்போது உள்ளேயிருந்து ஒரு ஊசி குத்தியதாம். யாருக்குப் போட்ட ஊசி என்று தெரியாது. இரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், ஒன்றுமில்லை, ஆனால் ஆறு மாதம் வரை திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த ஆறு மாதமும் மகளுக்குத் தலை பின்னிவிடவில்லை, சோறு பிசைந்து கொடுக்கவில்லை. அதனால் ஒன்றும் வராது என்று டாக்டர் சொன்னாராம். “டாக்டரு சொன்னது காதுக்குக் கேட்டுது. மனசுக்குக் கேக்கல. சவத்து ஊசி” என்று அந்த ஊசியைத் திட்டினார். கடைசியில் ஒன்றும் இல்லை என்று சீட்டு வந்தது. அன்றிலிருந்து மஞ்சளில் ஊசியைப் பார்த்தால் உடம்பு உதறும் என்றார்.

எனக்கு அவமானமாக இருந்தது. அவமானம் வந்தால் எனக்கு உடனே ஏதாவது செய்து அதை மூடிவிடத் தோன்றும். மடிக்கணினியைத் திறந்தேன். முடிவுப் பட்டியலில் அவர் பெயர் சிவப்பில் நின்றது. அதைப் பச்சையாக்க எனக்கு உரிமை இருந்தது, ஒரு சொடுக்கு போதும்.

“ரிசல்ட்ட நானே மாத்திப் போட்டுருகேன் அக்கா. நீங்க பாஸ். யாருக்கும் தெரியாண்டாம்.”

அவர் முகம் சட்டென்று தெளிந்தது. அதை நான் பார்த்தேன். வெள்ளிக்கிழமையைப் பற்றிய பயம் அந்த முகத்திலிருந்து ஒரு கணம் இறங்கிப்போயிற்று. பிறகு கேட்டார்.

“அப்ப மத்தவளுவ?”

“அவங்கதான் பாஸ் ஆயாச்சே.”

“அவளுவ வலது ஓரம்னுதானே படிச்சிருக்காளுவ. வெள்ளையின்னு படிக்கல்லியே. புதுசா வந்த பிள்ளையளும் இருக்கு.” டேப்லட்டை என் பக்கம் தள்ளினார். “பையக் கெட்டுகது நாம்லா மக்கா” என்றார்.

அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கணினியை மூடினேன்.

நிர்வாக அலுவலரின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளையைச் சந்தனமாக்கியது, வரிசையை மாற்றாமல் விட்டது, இரண்டும் என் தப்பு என்றேன். வரிசையை யார் கண்டுபிடித்தது என்று அவர் கேட்டதற்கு, “கண்டுபிடிக்கும்படி செஞ்சது நான்தான் சார்” என்று மட்டும் சொன்னேன்.

“அப்போ இந்த இருபத்தேழு பேரு?”

“செல்லாது சார். திரும்ப எழுதணும்.”

“ஒரு கோளாறும் இல்லன்னு நேத்து போன்ல சொன்னது நீங்கதானே?”

“ஆமா சார்.”

அவர் மின்விசிறியைப் பார்த்தார், நாள்காட்டியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. “வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. அதுக்குள்ள எல்லாரும் எழுதணும். அந்தம்மாவுக்கும் அதே நாலு மணிதான். அதுக்குப் பெறவு எங்கையில இல்ல” என்றார்.

கிளம்பும் முன் வார்டுக்குப் போய் நாலு தொட்டிகளையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அந்த அக்கா ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு இழுத்து வைத்துக் கொடுத்தார். அங்கே அவர் கை நின்று யோசிக்கவே இல்லை. ஒரு நர்ஸ் தட்டைக் கொண்டுவந்து நீட்ட, பேசிக்கொண்டே பிரித்துப் போட்டார். ஊசி வெள்ளையில் விழுந்த சத்தம் தனியாகக் கேட்டது.

வியாழக்கிழமை முழுக்க உட்கார்ந்து, நான் இதுவரை செய்ததிலேயே அசிங்கமான பாடத்தைச் செய்தேன். தொட்டிகள் படத்தில் இருந்த அதே நிறத்தில், அதே பளீரென்று. வெள்ளை எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று பின்னணியைச் சாம்பல் ஆக்கினேன். ஒவ்வொரு தொட்டியிலும் பெரிய எழுத்தில் நிறத்தின் பெயர். வரிசை மாறும் டிக்கைப் போட்டேன், போட்டதை நாலு முறை சரிபார்த்தேன். இழுக்க வராத விரல்களுக்காக, பொருளை ஒரு தரம் தொட்டு, தொட்டியை ஒரு தரம் தொட்டால் போதும் என்று மாற்றினேன். நடுநடுவே அந்தச் சிவப்பைக் கொஞ்சமே கொஞ்சம் அடக்கினால் என்ன என்று மனசு அரித்தது. எழுந்துபோய்த் தேயிலைத் தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை முதலே தேர்வு நடந்தது. பாட்டு உதவவில்லை. முதல் சுற்றில் எட்டுப் பேர் ஊசியில் தோற்றார்கள், அதில் மூன்று பேர் ஊசியை மஞ்சளில் போட்டிருந்தார்கள். நிர்வாக அலுவலர் அந்தப் பட்டியலை இரண்டு முறை வாசித்தார். அவர்களை மீண்டும் பாடத்தைப் பார்க்க வைத்து எழுதச் சொன்னார். பிறகு ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அந்த அக்காவுக்கு மதியம் வார்டில் அவசர வேலை. மூன்றரைக்கு மேல்தான் வந்தார். இம்முறையும் கையைத் துடைத்தார். பஞ்சு, கையுறை, மருந்துக்குப்பி. ஊசி ஒன்பதாவதாக வந்தது. அவர் அதைத் தொட்டார். திரை உணரவில்லை. இன்னொரு முறை தொட்டார், உணரவில்லை. பதினொன்று, பத்து, ஒன்பது. விரலைச் சேலையில் அழுத்தித் தேய்த்து மூன்றாம் முறை தொட்டார். ஊசியைச் சுற்றி வட்டம் விழுந்தது. உடனே வெள்ளையைத் தொட்டார். மணி அடித்தது. நான் மூச்சை விட்டது அவருக்கே கேட்டிருக்கும்.

கடைசிப் பொருளும் விழுந்தது. திரை முழுக்க வெங்காயச் சருகும் மயில்கழுத்தும் சந்தனமுமாகக் காகிதத் துணுக்குகள் கொட்டத் தொடங்கின. அதை மட்டும் மாற்ற மறந்திருந்தேன். அவர் அதற்கு முன் அதைப் பார்த்ததே இல்லை. பாஸ் என்று நான் சொன்னது காதில் விழுந்ததா தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது, ஆனாலும் குனிந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். துணுக்குகள் நிற்காமல் விழுந்து அடியில் குவிந்துகொண்டே இருந்தன.

“ஏ மக்கா, இதையெல்லாம் யாரு தூத்து வாருவா?” என்று கேட்டார்.

“நாந்தான் எக்கா” என்றேன்.